சுற்று மாதா வராத வீடு

"...செத்த வீட்டுக்கு மாதா வரலாம், இருமுத வீட்டுக்கு வரக் கூடாதுன்னா அது என்ன சட்டம், அண்ணாச்சி?"

சவரியம்மாள் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. தாராவியில் எங்கள் சிற்றாலயத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, அடுத்த மாதம் மாதா எந்த வீட்டுக்கு எந்த நாள் போகவேண்டும் என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு செவ்வந்தி மாலை இருந்தது. தன் வீட்டு முறை வந்துவிட்டது என்று நம்பி வாங்கி வந்திருந்தாள்.

"அது சபை எடுத்த முடிவும்மா. நான் என்ன செய்ய?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இருமல் வந்தது. தொண்டையில் வருகிற இருமல் இல்லை, அடியிலிருந்து வருவது. பெட்டியைத் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். என் நோயின் முதல் அடையாளம் என்று இன்று நான் சொல்லக்கூடியது அதுதான். அன்றைக்கு நான் அதை வெயில் சூடு என்று நினைத்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் நோய் வந்தவர்களும் இருப்பீர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருப்பீர்கள். எனக்கு நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. மற்றவர்கள் சொன்ன வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கல்வி. அதனால் டாக்டர் சொன்னதையும் சொல்கிறேன், சவரியம்மாள் சொன்னதையும் சொல்கிறேன். இரண்டும் மருந்துதான். இரண்டும் கசப்பு.

முதலில் சுற்று மாதா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்ட மரக்கூட்டில் ஒரு முழ உயரத்துக்கு மாதா சுரூபம். வீட்டுக்கு ஒரு நாள். விளக்கு வைக்கும் நேரம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டுப் பாடித் தூக்கிக்கொண்டு போவோம். ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று, கலைந்துபோவோம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப்பேர் படுக்கிற எங்களுக்கு, அந்த ஒரு நாள் வீடு கோயிலாக இருக்கும். கடன்காரன்கூட அன்றைக்கு வாசலில் குரலை உயர்த்த மாட்டான்.

நான் அந்தச் சபையின் செயலாளன். ஏழை வீடுகளைப் போய்ப் பார்ப்பது, கோதுமைக்கும் பால் பவுடருக்கும் சீட்டு எழுதுவது, மாதா போகிற வரிசையை எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. பகலில் டேனரியில் (தோல் பதனிடும் இடம்) தோலை ரகம் பிரிக்கிற வேலை. பெருவிரலை ஓட்டினால் போதும், இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று சொல்லிவிடுவேன். ஏழைகளையும் அப்படித்தான் பிரித்தேன் என்று இப்போது தெரிகிறது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது எங்கள் சபையில் அடிக்கடி அடிபட்ட பழமொழி. அதை அடிக்கடி சொன்னவனும் நான்தான்.

சவரியம்மாளின் புருஷன் அந்தோணிக்குக் காசநோய். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டான். காரணம் பிறகு சொல்கிறேன். அவன் வீட்டு ஜெபத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று சிலர் முறையிட்டார்கள். சபை கூடியது. நான் எழுதினேன்: "இருமல் வியாதி உள்ள வீடுகளுக்குச் சுற்று மாதா தற்காலிகமாக அனுப்பப்படமாட்டாது." தற்காலிகமாக என்ற சொல் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான், பூசை முடிந்ததும், அதை உரக்க வாசித்தும் காட்டினேன்.

அந்த வீட்டுக்குக் கோதுமைச் சீட்டு மட்டும் தவறாமல் போயிற்று. "கோதுமைய நாங்க கேக்கல அண்ணாச்சி" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். கேட்காததைக் கொடுத்தோம். கேட்டதைக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் வந்த வாரம், மாநகராட்சி மருந்தகத்துச் சுகாதார ஊழியர் தங்கராஜ் என் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் லேபர் கேம்ப் குடியிருப்பில் இருப்பவர். கையில் ஒரு சீட்டு.

"சூசைங்கிறது யாரு? இருமல் இருக்குன்னு தகவல் வந்திருக்கு. சளி குடுக்கணும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தப்பான வீடு" என்றேன்.

"தப்பான வீடா இருந்தா நல்லதுதான்" என்று அவர் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். மறுபடியும் ஒருநாள் வந்தார். நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி ரெஜினா அப்படியே சொல்லிவிட்டு உள்ளே வந்து, "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றாள். அன்றைக்குச் சோறு கிடைத்தது. பேச்சு இல்லை.

யார் என் பெயரைக் கொடுத்தது? எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னாசி. சபையில் என் நாற்காலிமேல் கண் வைத்திருந்தவன். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

மழை தொடங்கிய வாரம் அந்தோணி செத்தான். செத்த வீட்டுக்கு முறை பார்க்காமல் மாதா போவது எங்கள் வழக்கம். அதனால் நானே கூட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சேற்றில் இருமிக்கொண்டே போனேன். சவரியம்மாள் என் கையிலிருந்து மாதாவை வாங்கினாள். பிணத்தின் தலைமாட்டில் வைத்தாள். குனிந்து, தூங்குகிறவனை எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க, மாதா வந்திருக்கா. எந்திரிச்சிப் பாருங்க."

அந்த அறையில் யாரும் அழவில்லை. எனக்கு வெளியே போய்விடலாம்போல் இருந்தது. வாசலில் செருப்பைத் தேடும்போது அவள் பின்னால் வந்து, "போனீங்களா அண்ணாச்சி?" என்றாள்.

"எங்க?"

என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் மட்டும் வருகிற காய்ச்சல், விடியும்போது தலையணை நனைகிற வேர்வை, காரணமில்லாமல் இளைப்பது. இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் வெயில் என்றும் மழை என்றும் காரணம் தேடாதீர்கள். நான் தேடினேன். மழை ஓயும் சமயம் ஒரு மத்தியானம், கன்றுத்தோல் ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினேன். தோலில் ஒரு சிவப்புப் புள்ளி. தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் தெறித்தது என்று துடைத்தேன். மறுபடி இருமினேன். மறுபடி சிவப்பு. பட்டைத் தண்ணீர் இவ்வளவு சூடாக இருக்காது.

மருந்தகத்தில் சளி எடுத்தார்கள் (நோய்க் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பது). எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் மராத்திக்காரப் பெண்மணி. வலது நுரையீரலில் குழி விழுந்திருக்கிறது (கிருமி அரித்து உண்டான பொந்து) என்று படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எத்தனை நாளாக இருமல் என்று இந்தியில் கேட்டார். நாலு மாதம் என்றேன்.

"நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் இந்தக் குழி இருந்திருக்காது. நாலு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

மாதாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சுரூபம், ஜெபம், நாங்கள் எழுதிய விதி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"பிள்ளைகளை வாசலுக்கு வெளியே உட்கார வைத்து, கதவைத் திறந்துவைத்து ஜெபம் சொல்லியிருக்கலாமே. அது யாருக்கும் தோன்றவில்லையா?"

தோன்றவில்லை. சபையில் பதினோரு பேர் இருந்தோம்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மற்றது எனக்கு உறைத்தது. நோயை வாசலில் நிறுத்த விதி எழுதியவன், நாலு மாதமாக வீடு வீடாக நோயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அடைத்த அறைகளில், மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடிகிறவரை. யாருக்கு ஒட்டியதோ தெரியாது. பிற்பாடு ஊசி வரிசையில் எங்கள் சந்துப் பிள்ளைகள் சிலரைப் பார்த்திருக்கிறேன். எப்போதிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்னும் வரவில்லை.

டேனரியில் என்னை நிறுத்திவிட்டார்கள். சபையிலிருந்து கோதுமைச் சீட்டு வந்தது. கொண்டுவந்தவன் இன்னாசி. அதில் பூர்த்தி செய்யவேண்டிய கேள்விகளை நானே வகுத்திருந்தேன். குடும்பத் தலைவர் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறாரா? குடிப்பழக்கம் உண்டா? இன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

எங்கள் வீட்டு முறை வந்த நாளில் ரெஜினா தரையைக் கழுவி, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டிருந்தாள். "விதி இருக்கு" என்றேன். "நீங்க எழுதுனதுதானே, நீங்களே பேசுங்க" என்றாள். சாயங்காலம் பாட்டுச் சத்தம் சந்தில் வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் கொஞ்சம் தணிந்தது. பிறகு அடுத்த வீட்டில் போய்ப் பலமாயிற்று. அந்தக் கடலையை நாங்கள் இரண்டு நாள் தின்றோம்.

மருந்து மூன்று. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அப்புறம் பி.ஏ.எஸ். (கிருமி பெருகாமல் தடுக்கிற தூள், குடலைப் புரட்டும்). ஒன்றரை வருஷம். ஊசி காலையில் மட்டும்தான். வரிசையில் நின்று போட்டு முடிக்கப் பத்து மணி ஆகும். பத்து மணிக்கு எந்த டேனரியும் ஆளை உள்ளே விடாது. அந்தோணி ஏன் நிறுத்தினான் என்பதற்கு இதுதான் பதில். சவரியம்மாள் அதை ஒரே வரியில் சொல்லுவாள்: "ஊசிக்குப் போனா கூலி போச்சு, கூலி போச்சுன்னா ஊசி போச்சு."

ஆம், அவளும் அந்த வரிசையில் இருந்தாள். நோயாளியாக இல்லை. புருஷன் செத்த நாற்பதாம் நாளுக்குள் அவள் இந்த வேலையை எடுத்துக்கொண்டாள். எவன் ஊசியை நிறுத்தினானோ அவன் வீட்டுக்கு விடியுமுன் போய்க் கதவைத் தட்டுவாள். "ஏலே, கிளம்பு. ஒன் பொண்டாட்டிக்கு வெள்ளச் சேல நல்லா இருக்காது" என்பாள். மொட்டை வார்த்தைதான். ஆள் எழுந்து வருவான். எந்தச் சபையிலும் அவள் பேர் இல்லை. பிறர் வீட்டுக்குப் போனதற்கு அவள் அறிக்கை எழுதியதும் இல்லை, எழுதத் தெரியாது.

முதல் வாரத்தில் ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பாமலே சொன்னாள்:

"மன்னிப்புக் கேக்க, பாவம் சொல்ல, கோயில்ல சாமியாரு கூண்டு போட்டு வச்சிருக்காரு, அங்க போங்க. எங்கிட்ட கேட்டா நான் என்ன செய்ய? அந்தோணிய எழுப்பவா?"

பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாவ. நீங்க பூசாரிகூட இல்ல அண்ணாச்சி. மணி அடிக்கவரு" என்றாள். முன்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வார்த்தையாக இருந்தது. நெஞ்சு வலித்தது.

ஒருநாள் அவளே என்னிடம் வந்து, மனு எழுத வேண்டும் என்றாள். சாயங்காலமும் ஊசி போடச் சொல்லி. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும், எழுதுவோம் என்றேன். "நான் சொல்லுதத மட்டும் எழுதுங்க. தற்காலிகமாங்குத மாதிரி நீங்களா ஒண்ணும் சேக்கக் கூடாது" என்றாள். அவள் சொன்னாள், நான் எழுதினேன். மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த ஒரு பாலக்காட்டுக்காரர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தார். படித்துவிட்டு, "இத்தனை வருஷமா மனு அடிக்கிறேன், ஒரு வார்த்தைகூட வெட்டத் தோணாத மனு இதுதான்" என்றார். சபை முத்திரை வைக்க மறுத்துவிட்டது. அரசியலாம். பங்குச் சாமியார் மட்டும், சபையைக் கேட்காமல், முதல் கையெழுத்துப் போட்டார். மற்றதெல்லாம் கைரேகை.

வாரத்தில் மூன்று நாள் சாயங்கால ஊசி வந்தது. வந்தபோது மனு கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ரேகை வைத்த சிலர் அதற்குள் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் மாதா போனாள். செத்த வீடாயிற்றே.

விதியை நீக்கவேண்டும் என்று நான் சபைக்குப் போய்ப் பேசினேன். இன்னாசிதான் அப்போது செயலாளன். "இத நீங்க சொல்லல அண்ணாச்சி, உங்க நெஞ்சு சொல்லுது" என்றான். உண்மையைத்தான் சொன்னான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்கு வராதிருந்தால் அந்த விதியை நான் இன்றும் நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பேன். விதியை யாரும் நீக்கவில்லை. இருமாத வீடு குறைந்துகொண்டே வந்தது, மாதா தங்க இடம் வேண்டியிருந்தது, அதனால் அது தானாகச் செத்தது.

ஆறாம் மாதம் காதில் சில்வண்டுச் சத்தம் தொடங்கியது. ஊசியின் விளைவு (காதின் உள் நரம்பைத் தொட்டுவிடும்) என்றார் டாக்டர். நோய் முற்றி வந்ததால் ஊசியும் கூடுதல் நாள் போடவேண்டியதாயிற்று. நரம்பு கெட்டது கெட்டதுதான். உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நான் மூன்று வாரம் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் நான் கைதேர்ந்தவன்.

லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். காது கேட்ட வருஷங்களில் சாமியார் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்ல ஆரம்பித்தபோது பாதி கேட்கவில்லை. அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்கு அடிக்கிற சின்ன மணியின் ஓசை எனக்கு இப்போது இல்லை. பக்கத்திலிருப்பவர் குனிவதைப் பார்த்துக் குனிகிறேன். சந்தில் நடக்கிற பேச்சு, பெண்களின் ஏச்சு, ஒரே வார்த்தையில் ஆளை விழுத்தாட்டுகிற கேலி, இதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தவன் நான். இப்போது முகத்துக்கு நேரே நின்று சொன்னால்தான் கிடைக்கிறது.

கடைசி நாள். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தங்கராஜ் என் பழைய அட்டையை எடுத்து முடித்து வைத்தார். அதன் மேல் மூலையில் தகவல் வந்த நாளும் கிழமையும் எழுதியிருந்தது. குனிந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கிழம மருந்தகம் பூட்டியிருக்கும்லா. இன்னாசி எப்படி வந்தான்?" என்றேன்.

"எந்த இன்னாசி?" என்றார் தங்கராஜ். காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். காதுக்காக இல்லை.

நேரே இன்னாசியிடம் போனேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், ஏறக்குறைய இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன். "அந்த ரெண்டு வருசந்தான் அண்ணாச்சி எனக்குக் காது ஓய்வா இருந்துச்சு" என்றான். சவரியம்மாளிடம் நான் போகவில்லை. போனால் கூண்டுக்குப் போகச் சொல்லுவாள்.

குணமாகிவிட்டது என்கிறார்கள். குழி இருந்த இடத்தில் தழும்பு இருக்கிறது, மாடி ஏறினால் தெரியும். காதோடு சேர்ந்து நிதானமும் போயிற்று. கண்ணை மூடி நின்றால் சாய்ந்துவிடுவேன். அதனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபம் சொல்கிறேன். எதிரே இருப்பவர்களெல்லாம் தெரிகிறார்கள். மாதாவைத் தூக்க என்னால் முடியாது, பின்னால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறேன். எனக்கு வருஷம் என்பது இப்போது சனவரியில் தொடங்குவதில்லை. அந்த ஞாயிறு ஒரு கரை, இரத்தம் வந்த மத்தியானம் இன்னொரு கரை. இடையில் இருக்கிற நாலு மாதம் நடந்து முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதில்லை. என் காது அதற்குள் இருக்கிறது. அந்தோணியின் கடைசி நாட்கள் அதற்குள் இருக்கின்றன. அந்த அடைத்த அறைகளும் இருக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்ட கேள்விக்கு நான் சபையின் முடிவு என்றேன், இருமினேன். இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு ஒரே பாயில் படுத்தவள், நான் இருமி முடிக்கும்வரை நின்று கேட்டாள். கையிலிருந்த மாலையை மணிக்கட்டில் கோத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. வெயிலில் லேபர் கேம்புக்கு நடந்து போய், தங்கராஜ் சாப்பிட்டுக் கை கழுவும்வரை அவர் வாசலில் காத்திருந்து, மிக்கேல் மகன் சூசை என்று என் பெயரையும் எங்கள் சந்தின் பேரையும் சொல்லி, ஓர் எழுத்தும் தெரியாதவள், அவர் எழுதி முடிக்கிறவரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.